"போறன்" என்று சொல்லாதே: மேடையில் மனதுக்குள் இருப்பதைக் காட்டுவது எப்படி?

நாடகமும் அரங்கியலும் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் நாடகம் பழக்குவது என் வழக்கம். போன வருடம் ஒரு மாணவி சிறு காட்சி ஒன்றை எழுதிக்கொண்டு வந்தாள். மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வீடு. இரவு நேரம். மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வேன் வாசலில் நிற்கிறது. அம்மா பையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஏஜென்சிக்குக் காசு கட்டுவதற்காகத் தன் தாலிக்கொடியை அடகு வைத்திருக்கிறாள். அது மகனுக்குத் தெரியாது. மகனுக்குப் போக விருப்பமே இல்லை. அது அம்மாவுக்குத் தெரியாது.

இரண்டு பேரிடமும் ஒவ்வொரு ஒளிப்பு. இதைவிட நல்ல காட்சி வேண்டுமா? ஆனால் அவள் எழுதியிருந்த விதம் இப்படி: அம்மா மகனைப் பார்த்து, "கவனமாப் போயிற்று வா மனே" என்கிறாள். உடனே பார்வையாளர் பக்கம் திரும்பி, "ஐயோ, என் நெஞ்சு வெடிக்கிறதே! தாலிக்கொடியை அடகு வைத்ததை இவனிடம் எப்படிச் சொல்வேன்!" என்கிறாள். அடுத்து மகன் திரும்பித் தன் மனதில் உள்ளதைச் சொல்கிறான். பிறகு மறுபடியும் அம்மா.

இது ஏன் சரிவரவில்லை என்று நான் சொல்லத் தொடங்கியதும் அவள் கேட்டாள்: "அப்ப அவ மனசில இருக்கிறத வேற எப்படி சேர் சனத்துக்குத் தெரிய வைக்கிற?"

நாடகம் எழுதத் தொடங்கும் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. கதை எழுதுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. "அவள் நினைத்தாள்" என்று ஒரு வரி எழுதினால் போதும். சினிமாக்காரருக்குக் கமரா இருக்கிறது. கண் இமை துடிப்பதைத் திரை முழுவதும் காட்டிவிடலாம். மேடையில் இரண்டும் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் கண்ணே சரியாகத் தெரியாது. மேடையில் நம் கையில் இருப்பவை உடம்பு, குரல், கையில் பிடிக்கும் பொருள், நிற்கும் இடம், இசை, வெளிச்சம், மௌனம். இவற்றால்தான் மனதைக் காட்ட வேண்டும்.

அதற்கு இரண்டு பெரிய வழிகள் இருப்பதாக நான் நினைக்கிறேன். ஒன்று, மனதை முழுக்கத் திறந்து ஊருக்கே கேட்கச் சொல்லிவிடுவது. மற்றது, பாத்திரம் தன் மனதை மறைக்கப் பாடுபடுவதைக் காட்டுவது. அந்தப் பிள்ளையின் காட்சி இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது.

முதல் வழியைப் படிக்க நாங்கள் எங்கும் போகத் தேவையில்லை. மட்டக்களப்புக் கூத்தே அதற்குப் பள்ளிக்கூடம். கூத்து ஆடும் வட்ட மேடையான வட்டக்களரியை நினைத்துப் பாருங்கள். நடுவில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார், மத்தளம், சல்லரி என்ற கைத்தாளம், பாட்டை ஏற்றுப் பாடும் பிற்பாட்டுக்காரர். சுற்றிவர ஊர்ச்சனம். நடிகருக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்கள். இப்படியான இடத்தில் "யாருக்கும் கேட்காமல் தனக்குள் சொல்வது" என்ற பாசாங்குக்கு இடமே இல்லை. ஆகவே கூத்து அதைச் செய்வதில்லை. களரிக்கு முதன்முதலாக வரும் கொலு வரவிலேயே பாத்திரம் தன்னைத் தானே "வந்தானே" என்று படர்க்கையில் பாடிக்கொண்டு வரும். தான் யார், எப்படிப்பட்டவன் என்பதை ஒளிக்காமல் அறிவித்துவிடும்.

போருக்கு முன் குந்தி கர்ணனைத் தேடிவரும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றவள் தான்தான் என்று சொல்ல வந்தவள், மற்றப் பிள்ளைகளின் உயிரையும் கேட்க வந்திருக்கிறாள். கர்ணன் மனதில் ஒரே நேரத்தில் எத்தனை ஓடும்! கூத்தில் இது எப்படி நடக்கும்? மத்தளம் அடங்கும். கர்ணன் ஒரு விருத்தத்தை இழுத்துப் பாடுவான். தாளம் இல்லாமல் வருவதால் அது நினைப்புப் போலவே ஓரிடத்தில் நின்று, ஓரிடத்தில் நீண்டு போகும். பிறகு தாளத்தோடு பாடும் தரு தொடங்கும். தாளம் ஏறும். அவன் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவார்கள். அந்தக் கணத்தில் கர்ணனின் வாய் ஓய்கிறது. கால் ஆடத் தொடங்குகிறது.

புதிதாக நாடகம் படிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரே நினைப்பு மூன்று தடவை வருகிறது. முதலில் தனிக் குரலில், பிறகு பல குரல்களில், அதோடு காலில். ஒரு மனிதனின் தனிமையை ஒரு கூட்டமே எடுத்துப் பாடுகிறது. பிற்பாட்டை வெறும் "திருப்பிப் பாடுதல்" என்று பரீட்சைக்கு எழுதும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனவருத்தமாக இருக்கும். சின்ன வயதில் களரி ஓரத்தில் பாயில் படுத்துத் தூங்கி, நடுச்சாமத்தில் பிற்பாட்டுச் சத்தத்துக்கு விழித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கதை விளங்காத வயதிலும் அங்கே யாரோ அழுகிறார் என்பது விளங்கியது.

இந்த வலிமையைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனையில் 1960களில் அவர் இரவிரவாக ஆடும் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். 1964இல் வந்த ‘இராவணேசன்’ அதில் முக்கியமானது. அதை எழுதியவர் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு. பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டும் அவர் அதை மேடையேற்றினார். இராவணனின் மனப் போராட்டத்துக்கு அந்த நாடகம் இடம் கொடுத்தது. அதைச் சொல்ல வெளியிலிருந்து ஓர் உத்தியைக் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. கூத்தின் ஆட்டமும் பாட்டும் மத்தளமுமே அந்த வேலையைச் செய்தன.

கூத்துக்கு வெளியே, பேச்சு நாடகத்தில் மனதைத் திறக்கும் வழிக்குத் தனிமொழி என்று பெயர். பாத்திரம் தனியாக நின்று வாய்விட்டு நினைக்கும். மேல்நாட்டிலிருந்து வந்த சங்கதி என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நாடகத்துக்குரிய சொல்லை உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். அதில் உட்சொல் என்பது நெஞ்சோடு பேசுவது. திருக்குறளிலும் 125ஆம் அதிகாரத்தின் பெயர் ‘நெஞ்சொடு கிளத்தல்’, 130ஆம் அதிகாரத்தின் பெயர் ‘நெஞ்சொடு புலத்தல்’.

இந்தப் பெயர்களிலேயே எழுத்தாளருக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. "நெஞ்சில் இருப்பதைச் சொல்லுதல்" என்று நம் ஆட்கள் பெயர் வைக்கவில்லை. "நெஞ்சோடு" என்றார்கள். நெஞ்சு இன்னொரு ஆள். சொல்வழி கேட்காத ஆள். "நீ ஏன் என் பேச்சைக் கேட்காமல் அவர் பின்னால் போகிறாய்?" என்று அதோடு சண்டை பிடிக்கலாம், கெஞ்சலாம், கோபித்துக்கொள்ளலாம். தனிமொழி எழுதும்போது இதை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்பது அறிக்கை. கேட்பவருக்கு அங்கே வேலை இல்லை. "நெஞ்சே, அவன் கேட்டால் மட்டும் வாயைத் திறந்துவிடாதே" என்பது சண்டை. யார் வெல்வார் என்று பார்வையாளர் காத்திருப்பார்.

உலகம் அறிந்த தனிமொழிகளும் இப்படித்தான் இருக்கின்றன. சேக்ஸ்பியரின் ‘மக்பெத்’தில் அரசனைக் கொல்லப் போகும் முன் மக்பெத்துக்கு முன்னால் ஒரு குத்துவாள் மிதக்கிறது. எட்டிப் பிடிக்கப் பார்க்கிறான். கை வெறுமையாக வருகிறது. ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிறது. இது உண்மையா, காய்ச்சல் பிடித்த மூளையின் வேலையா என்று அதோடு வாதாடுகிறான். "எனக்குக் கொல்லப் பயமாக இருக்கிறது" என்று அவன் சொல்வதில்லை. பயம் ஒரு பொருளாகி அவன் முன்னால் நிற்கிறது. அவன் அதைப் பிடிக்க முயல்கிறான். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் ‘மதங்க சூளாமணி’யில் சேக்ஸ்பியர் நாடகங்களை எடுத்துக்கொண்டு நாடக இலக்கணத்தைத் தமிழில் விளக்கினார். அம்பாறை, மட்டக்களப்புப் பிள்ளைகள் சேக்ஸ்பியரைத் தூரத்துச் சொந்தமாக நினைக்கத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, மாணவியின் காட்சிக்கு வருவோம். அங்கே தனிமொழி பொருந்தாது. மகன் பக்கத்தில் நிற்கிறான், வேன்காரன் ஹோர்ன் அடிக்கிறான், அம்மாவுக்குத் தனிமை இல்லை. ஒரு வரி பேசி, திரும்பி ஒரு வரி நினைத்தால் பார்வையாளருக்குத் துக்கம் வராது, தகவல்தான் வரும். அவள் ஒளிப்பதை நாம் கண்டுபிடிக்கும் இன்பத்தையும் வலியையும் அந்தத் திரும்பல் பறித்துவிடுகிறது. இங்கே தேவை இரண்டாவது வழி.

அதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் உதாரணம் அன்டன் செகாவின் ‘செர்ரிப் பழத்தோட்டம்’. 1904இல் மொஸ்கோவில் மேடையேறியது. கடைசி அங்கத்தில் குடும்பம் வீட்டை விட்டுப் போகிறது. அந்தத் தோட்டத்தை வாங்கிய லொபாகின், வீட்டின் வளர்ப்பு மகள் வார்யாவிடம் கலியாணம் பேசுவான் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். இருவரையும் தனியே விடுகிறார்கள். வார்யா சாமான்களுக்குள் எதையோ தேடுவது போல நிற்கிறாள். அவன், இனி எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறான். அவள் சொல்கிறாள். அவன் காலநிலை பற்றிப் பேசுகிறான்: போன வருடம் இந்த நேரம் பனி பெய்தது, இப்போது வெயில், ஆனாலும் குளிர், பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகை. அவள், தான் பார்க்கவில்லை என்றும், வெப்பமானி உடைந்துவிட்டது என்றும் சொல்கிறாள். மௌனம். வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள். அந்தக் கூப்பாட்டுக்கே காத்திருந்தவன் போல அவன் விரைந்து போய்விடுகிறான். அவள் நிலத்தில் உட்கார்ந்து துணிமூட்டையில் தலை வைத்து மெதுவாக அழுகிறாள்.

காதல், கலியாணம், ஏமாற்றம் என்று ஒரு சொல் இல்லை. இருந்தும் எல்லாம் தெரிகிறது. பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடுகிறது. அந்த நாடகத்தை மேடையேற்றியவர்களில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகர்களுக்குப் பழக்கியதும் இந்த அடியோட்டத்தைத்தான். சொல் மேலே, பாத்திரத்துக்கு உண்மையில் வேண்டியது கீழே. கீழே இருப்பது நடிகருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தால், மேலே காலநிலை பற்றிப் பேசினாலும் அதன் கனம் சொல்லில் ஏறிவிடும்.

இது எங்கள் ஊர் ஆட்களுக்கு விளங்காத விடயமா? யுத்தகாலத்தில் சென்ட்ரியில், அந்தச் சோதனைச் சாவடிகளில், நின்றவர்கள் நாங்கள். "எங்க போறாய்?" "கடைக்கு." நெஞ்சு அடிக்கும் அடி ஒன்று, முகம் காட்டும் அமைதி ஒன்று. காணாமல்போன மகனைப் பற்றி யாரும் கேட்டால் அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சொல்லி எழும்பிப் போகும் தாய்மாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். பேச்சுக்கு அடியில் பேச்சு ஓடுவதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. ஆனால் மேடையில் ஏறியதும் அதை மறந்து, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். மேடைக்கென்று ஒரு பாஷை இருப்பதாக யாரோ எங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள்.

வேறு உத்திகளும் உண்டு. அமெரிக்கரான யூஜின் ஓ நீல் 1928இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்’ நாடகத்தில் பாத்திரங்கள் நினைப்பதை நாடகம் முழுவதும் வாய்விட்டே பேச வைத்தார். ஒருவர் நினைக்கும்போது மற்றவர்கள் அசையாமல் உறைந்து நிற்பார்கள். அந்தப் பிள்ளை செய்ததும் இதுதானே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. அங்கே அதுவே நாடகத்தின் சட்டம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஒழுங்காக நடக்கிறது. ஒரு நாடகத்துக்கு ஒரு சட்டம் போட்டால் பார்வையாளர் ஏற்றுக்கொள்வார். இடையில் ஒரு தடவை மட்டும் வசதிக்காகப் போட்டால் ஏற்கமாட்டார்.

மனதுக்கு இன்னொரு நடிகரை நிறுத்துவது பள்ளிக்கூட நாடகங்களில் நிறைய வருகிறது. கறுப்பு உடுப்பில் ஒரு பிள்ளை பின்னால் நின்று ‘மனச்சாட்சி’யாகப் பேசும். அந்த மனச்சாட்சி புத்திமதி மட்டும் சொன்னால் காட்சி செத்துவிடும். பாத்திரத்தின் கையைப் பிடித்து இழுக்க வேண்டும், வாயைப் பொத்த வேண்டும், சில நேரம் பிழையான வழியையும் காட்ட வேண்டும். நெஞ்சு எப்போதும் நல்லதையே சொல்லுமா என்ன?

ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரலைப் போடுவது எனக்குப் பிடிக்காது. ஒரு போட்டியில் எங்கள் பிள்ளை ஒன்று மேடை நடுவில் நின்றது. மனதின் குரல் ஒலிபெருக்கியில் வர வேண்டிய நேரம். கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது. அந்தப் பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பிழை கருவியில் இல்லை. மனதை அந்தப் பிள்ளையின் உடம்பிலிருந்து பிடுங்கி ஒரு பெட்டிக்குள் வைத்தது நான்தான். அதன் பிறகு அதைச் செய்வதில்லை.

இனி, நாங்கள் அந்தக் கட்டார் காட்சியை எப்படித் திருத்தினோம் என்று சொல்கிறேன்.

முதலில் மாணவியிடம் கொப்பியில் நடுவே கோடு போடச் சொன்னேன். வலப்பக்கம் பாத்திரம் சொல்வது. இடப்பக்கம் அந்த நேரம் நினைப்பது. அவள் மனதின் பேச்சுகளையெல்லாம் இடப்பக்கத்துக்கு மாற்றினாள். வலப்பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாகிவிட்டது. "இனி அம்மா என்ன சேர் பேசுற?" என்று பயந்துபோனாள். போகும் பிள்ளையிடம் உன் அம்மா என்ன பேசுவா என்று கேட்டேன். யோசித்துவிட்டு எழுதினாள்: "பாஸ்போட் எடுத்தியா?" "சாப்பாட்டப் பைக்குப் பக்கத்தில வச்சிருக்கன்." "பாஸ்போட் எடுத்தியா மனே?" ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாவது தடவை அது கடவுச்சீட்டைப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை.

பிறகு ஒத்திகை. இந்தப் பயிற்சி வீட்டிலும் செய்யலாம். காட்சி நடக்கும்போது நான் திடீரென்று போய் ஒருவரின் தோளைத் தொடுவேன். உடனே மற்றவர் உறைந்து நிற்க வேண்டும்; தொடப்பட்டவர் அந்தக் கணம் பாத்திரம் நினைப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையை எடுத்ததும் காட்சி தொடரும். மகனாக நடித்த பையன் முதல் தடவை, "வசனம் மறந்திரும் போல இருக்கு" என்றான். அது நடிகரின் நினைப்பு, பாத்திரத்தின் நினைப்பு அல்ல. நாலாம் தடவை தொட்டபோது, "அம்மா ஒருக்கா போகாத எண்டு சொன்னா நிண்டிருவன்" என்றான். அந்த வரி நாடகத்தில் வரவில்லை. ஆனால் அதன் பிறகு அவன் பையைத் தூக்கிய விதமே மாறிவிட்டது. தூக்கி, வைத்து, பட்டியைச் சரிசெய்து, மறுபடி தூக்கினான்.

அடுத்தது கைகளுக்கு வேலை. தாலிக்கொடி இல்லாத கழுத்தை மகன் பார்த்துவிடக் கூடாது. ஆகவே அம்மாவாக நடித்த பிள்ளை தொடக்கத்திலிருந்தே சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். பை கட்டக் குனியும்போது தலைப்பு நழுவும். ஒரு கையால் பிடிப்பாள். மகன் கட்டிப்பிடிக்க வருவான். விலகிப் போய்த் தண்ணீர்ப் போத்தலை எடுப்பாள். மகனுக்கு அது கோபம் போலத் தெரியும். பார்வையாளருக்கு ஏதோ இருக்கிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. பிள்ளைகளிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "துக்கத்தைக் காட்டாதே. தலைப்பு விழாமல் பார்த்துக்கொள்." துக்கமாக இரு என்றால் பிள்ளைகள் முகத்தைச் சுருக்குவார்கள். ஒன்றை மறைக்கச் சொன்னால் உடம்பு முழுவதும் வேலை செய்யும்.

கூத்திலிருந்தும் ஒன்றை எடுத்தோம். காட்சி முழுவதும் மத்தளத்தை மெல்லத் தட்டச் சொன்னோம், அம்மா பை கட்டும் வேகத்துக்கு. மகன் வாசலுக்குப் போகும்போது மத்தளம் நின்றுவிடும். சத்தம் நின்ற பிறகுதான் அதுவரை ஒரு சத்தம் இருந்தது என்றே பார்வையாளருக்கு உறைக்கும்.

கடைசியில் ஒரே ஒரு பேச்சு. மகன் வாசற்படியில் நின்று, "அப்ப நான் போறன்" என்கிறான். எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா பதறித் திரும்பி, "போறன் எண்டு சொல்லாத மனே. போயிற்று வாறன் எண்டு சொல்லு" என்கிறாள். அவன் சொல்கிறான். அவன் போக விரும்பவில்லை என்பதும், அவள் அவனை அனுப்ப விரும்பவில்லை என்பதும் அந்த ஒரு திருத்தத்தில் வந்துவிட்டன. கொப்பியின் இடப்பக்கத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்ததை அங்கேயே வெட்டினோம்.

வேன் போகும் சத்தம். அம்மா தனியே நிற்கிறாள். முகத்தைத் துடைக்கச் சேலைத் தலைப்பை எடுக்கிறாள். அப்போதுதான் முதன்முதலாகக் கழுத்துத் தெரிகிறது. மஞ்சள் கயிறு மட்டும். நடித்த பிள்ளை முதல் ஒத்திகைகளில் உடனே உட்கார்ந்து அழுதாள். அழாதே, முகத்தைத் துடைத்துவிட்டு, அவன் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பார்சலைப் பார், வெளிச்சம் குறையும்வரை பார்த்துக்கொண்டே நில் என்று சொன்னேன். "எவ்வளவு நேரம் சேர்?" என்று கேட்டாள். மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொன்னேன். மேடையேறிய அன்று அவள் எண்ணவில்லை. அதைவிட அதிக நேரம் நின்றாள்.